கன்னத்தில் ஒரு ஸ்விட்ச்

பதினேழு மாதம் வாய் பேசாமல் கிடந்த சென்னிமலை முதன்முதலாகச் சொன்ன சொல் அவருடைய மகனின் பெயர்.

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஆறு நிமிடம் பிடித்தது. கட்டிலுக்கு எதிரே ஸ்டாண்டில் மாட்டியிருந்த பழைய டேப்லெட்டின் திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு மஞ்சள் கட்டம் ஒவ்வொரு வரிசையாக இறங்கி வந்தது. வேண்டிய வரிசைக்கு வந்ததும் அவர் இடது கன்னத்தைச் சுருக்க வேண்டும். உடனே கட்டம் அந்த வரிசைக்குள் எழுத்தெழுத்தாக நகரும். இன்னொரு தடவை சுருக்கினால் அந்த எழுத்து கீழே வந்து விழும். கன்னம் அசைவதைக் கண்டுபிடிக்க, கண்ணாடி கழற்றிய மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றை அவருக்கு மாட்டி, அதன் காம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டியிருந்தாள் மகள் லோகப்பிரியா.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரிசையில், அவசரச் சொற்களை முழுதாகவே போட்டு வைத்திருந்தாள். தண்ணி. வலிக்குது. திருப்பிப் படுக்க வை. ஆமா. இல்லை. அப்பா முதலில் தண்ணிதான் கேட்பார் என்று நினைத்து டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் பக்கத்தில் வைத்திருந்தாள். மஞ்சள் கட்டம் அந்த வரிசைக்கு இரண்டு முறை வந்து போனது. சென்னிமலையின் கன்னம் அசையவில்லை. கட்டம் கீழே இறங்கி ‘த’ வரிசைக்கு வந்தபோது கன்னம் சுருங்கியது.

த. ன. பா. ல்.

“தனபால்” என்றது ஸ்பீக்கர், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஓர் ஆண் குரலில்.

“அய்யோ சாமி, பேசிட்டாரே!” என்று அவர் மனைவி தெய்வாத்தாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான் லோகப்பிரியாவின் நண்பன் ரிஃபத். “அக்கா, வேலை செஞ்சிருச்சுங்க்கா!” என்று கத்தினான்.

லோகப்பிரியா கிட்டே போய், சரியாகவே இருந்த சட்டத்தை இன்னொரு தடவை சரிசெய்தாள். அப்பாவின் கண்கள் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தன.

“தனபாலு திருப்பூர்ல இருக்கானுங்கப்பா” என்றாள். “வரச் சொல்றேனுங்க.”

*

சோமனூரில் சென்னிமலைக்கு ஒரு வீடும், வீட்டை ஒட்டிப் பதினாறு தறி ஓடும் ஒரு தகரக் கூரைச் செட்டும் இருந்தன. எல்லாம் அவரே சம்பாதித்தது. மகளை எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்க வைத்து, பல்லடம் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார். ஏழு வருடத்தில் அந்தக் கல்யாணம் முறிந்து லோகப்பிரியா திரும்பி வந்துவிட்டாள். சிங்காநல்லூரில் மோட்டார் பம்ப் செய்கிற ஒரு கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை. தினமும் பஸ். அவள் வந்த நாளிலிருந்து சென்னிமலை அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. திட்டியதும் இல்லை. தறியின் ஸ்டார்ட்டர் கெட்டுப்போனால், வீட்டுக்குள் அவள் இருக்கும்போதே, கருமத்தம்பட்டியிலிருந்து எலக்ட்ரீஷியனை வரவழைப்பார்.

ஒரு காலையில் செட்டுக்குள் விழுந்தார். மூளைத்தண்டில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை, குரலும் போயிற்று. “அறிவு தெளிவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சொல்ல முடியாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறிகளை விற்றார்கள். திருப்பூரில் பனியன் வியாபாரம் செய்யும் தனபால், அக்காவைவிட மூன்று வயது சின்னவன், மாதம் ஒருமுறை காரில் வந்து அரைமணி நேரம் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். துடைப்பது, திருப்புவது, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவது, விழுங்கக்கூடிய தண்ணீரை மட்டும் ஸ்பூனில் விடுவது எல்லாம் லோகப்பிரியா. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. பகலில் ஒரு ஆயா வந்து போனாள்.

லோகப்பிரியாவுக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சிங்காநல்லூரில் மூடிப்போன ஒரு லேத் பட்டறையின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பெட்டி நிறைய கழற்றிய பழைய போர்டுகளுமாக உட்கார்ந்துகொண்டு, எதையாவது செய்வார்கள். ஒருவர் மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் சாதனம் செய்வார், ஒருவர் பழைய ரேடியோவுக்கு உயிர் கொடுப்பார். உக்கடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்த ரிஃபத் அங்கேதான் அவளுக்குப் பழக்கம். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்த கிருபாசங்கரும் அப்படித்தான். யாரும் யாரையும் “வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க” என்று கேட்காத ஒரே இடம் அவளுக்கு அதுதான்.

அப்பாவுக்காக அவள் அங்கே உட்கார்ந்து செய்தது மூன்று தடவை தோற்றது. கண் சிமிட்டலை வைத்துச் செய்தாள். அவருடைய இமை தானாகவே சரிந்தது. விரலில் தொடு ஸ்விட்ச் வைத்தாள். விரல் தானாகவே துடித்தது. நெற்றிச் சுருக்கமும் கைகொடுக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, “லோகு மாப்பளைக்கு மறுபடியும் கல்யாணம் ஆயிருச்சாமே?” என்று தெய்வாத்தாளிடம் கேட்டாள். லோகப்பிரியாவின் கைக்கடியில் அப்பாவின் இடது கன்னம் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. வேண்டுமென்றே, “ஆமாங்க, ஆயிருச்சுங்க” என்று அவளே பதில் சொன்னாள். மறுபடியும் இழுத்தது. காதில் விழுகிறது, புரிகிறது, பிடிக்கவில்லை. மூன்றும் அவளுக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்தன. சந்தோஷத்தில் ரேஸர் கை தவறிக் கீழே விழுந்தது.

“காதுகிட்டக் கொண்டுபோனா போன் ஸ்கிரீன் அணையுதில்லைங்க்கா? அந்த சென்சாரே போதுமுங்க” என்று ரிஃபத் சொன்னான். “கன்னம் உப்பினா கிட்ட வரும், சுருங்குனா தள்ளிப் போகும். அதைப் புடிச்சிரலாம். ஒண்ணே ஒண்ணு, நேரா வெயில் பட்டா மட்டும் அதுக்குக் கண்ணு தெரியாது. கண்டபடி உளறும்.” அப்பாவின் அறையில் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு லோகப்பிரியா கனமான திரை தைத்துப் போட்டாள். கிருபாசங்கர் எழுத்துப் பலகைக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின.

ரிஃபத் எடுத்த வீடியோவை ஞாயிறு குழு இணையத்தில் போட்டது. இரண்டே நாளில் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். ‘பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெறணும்’ என்று யார் யாரோ எழுதினார்கள். தனபாலும் அதைத் தன் பக்கத்தில் போட்டு, ‘எங்க அப்பா பேசின முதல் வார்த்தை என் பேருங்க’ என்று எழுதியிருந்தான்.

*

தனபால் மறுநாளே வந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்ட அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதான். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை வரத் தொடங்கினான். அவன் வந்தால் சென்னிமலை நெடுநேரம் கன்னத்தைச் சுருக்கிச் சுருக்கி எழுதுவார். நூல் விலை என்ன, புது வண்டி எப்படி ஓடுகிறது, பேத்தி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாளா. ஒரு வரிக்குக் கால்மணி நேரம். நெற்றியெல்லாம் வேர்க்கும். லோகப்பிரியா துண்டால் ஒற்றிவிடுவாள்.

அவளைக் கூப்பிடத் திரையில் ஒரு மணிப் படம் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி மணி அடிக்கும். அவளுக்கென்று அவர் எதையும் எழுத்துக் கூட்டி எழுதவில்லை என்பதை அவள் ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தாள். மணி. தண்ணி. திருப்பிப் படுக்க வை. எல்லாம் முதல் வரிசை. ‘லோ’ இருக்கும் வரிசைக்கு அவர் போனதே இல்லை. போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முப்பத்தொன்பது வயசில் இதற்கெல்லாம் ஏங்குவது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள், தனபால் உட்கார்ந்திருந்தபோது, அவர் எழுதினார். “பத்திரம் எழுதிக்க. ஊடு. செட்டு. உன் பேர்ல.”

தனபால் அக்காவைப் பார்த்தான். “நானா ஒண்ணும் கேக்கலீங்க்கா” என்றான்.

“தெரியுது.”

“அப்பா ஆசைப்படறாரு. நான் என்னங்க்கா பண்ணட்டும்?”

தெய்வாத்தாள் பின்னால் சமையலறைக்கு வந்து மகளின் தோளைத் தொட்டாள். “பையனுக்குத்தானே கண்ணு எழுதுவாங்க. உனக்கு அப்பவே சீரெல்லாம் செஞ்சுபோட்டாரு. நீ மனசுல வெச்சுக்காத அம்மணி.”

“அந்தச் சீரெல்லாம் பல்லடத்துலயே நின்னுபோச்சுங்கம்மா” என்றாள் லோகப்பிரியா. அம்மா அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்றும் எழுதாமலே அவர் கண்ணை மூடினால் சட்டப்படி அவளுக்கும் பங்கு உண்டு. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

*

படுக்கையில் இருப்பவர் என்பதால், மனு கொடுத்து, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். கூடவே ஆபீஸ் உதவியாளர், கேமரா, கைரேகை மெஷின். பத்திரம் எழுதுபவர், இரண்டு சாட்சிகள். மணி நாலு. போட்டோவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று யாரோ சொல்ல, தனபால் மேற்கு ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டான். வெயில் நேராகக் கட்டில் மேல் விழுந்தது.

“ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க” என்றார் சார்பதிவாளர்.

மஞ்சள் கட்டம் திரையெங்கும் துள்ளியது. யாரும் தொடாமலே எழுத்துகள் விழுந்தன. “கககஙா மீமீ” என்றது ஸ்பீக்கர்.

சார்பதிவாளர் பேனாவை மூடினார். “இதை வெச்சு நான் எப்படிங்க பதிவு பண்றது? அவருக்கு சுயநினைவு இருக்குது, அவரே சம்மதிச்சுக் குடுக்கறாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“காலைல நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றான் தனபால். “அக்கா, என்னாச்சுங்க்கா?”

லோகப்பிரியா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பத்து நிமிடத்தில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். மறுபடியும் மனு, மறுபடியும் தேதி. அதற்குள் என்னென்னவோ நடக்கலாம். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டே இருந்தது.

அவர் கண்கள் அவளைத்தான் பார்த்தன. இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் அவளைப் பார்த்ததே இல்லை. அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று நினைக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

பத்திரம் எழுதுபவர் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். “ஊட்ல வெச்சு ஒட்டுப்போட்டுச் செய்யறதெல்லாம் இப்படித்தானுங்க ஆகும். கம்பெனி ஐட்டமா இருந்தா நின்னு பேசும்.”

லோகப்பிரியா நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்து மூடினாள். சட்டத்தை நிமிர்த்தி, சென்சாரின் மேலிருந்த வேர்வையைத் துடைத்தாள். மஞ்சள் கட்டம் அடங்கி, மேலிருந்து வரிசையாக இறங்கத் தொடங்கியது.

“இப்பக் கேளுங்க” என்றாள்.

அவர் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். “இந்தச் சொத்தை யாருக்குக் குடுக்கறீங்க?” என்றதற்கு, “என் பையன் தனபாலுக்கு” என்று எழுதினார். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

“ஒரு பொண்ணும் இருக்கறதாப் போட்டிருக்குது. அவங்களுக்கு?”

கட்டம் இறங்கி ஏறி இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். “சீர் செஞ்சாச்சு” என்றது ஸ்பீக்கர்.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

அது முதல் வரிசையிலேயே இருந்தது. “இல்லை.”

உதவியாளர் சென்னிமலையின் பெருவிரலைப் பிடித்து மெஷினில் அழுத்தினார். விரல் விறைத்துக்கொண்டது, லோகப்பிரியாதான் மணிக்கட்டைத் தேய்த்துத் தளர்த்திக் கொடுத்தாள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது சார்பதிவாளர் டேப்லெட்டின் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்கம்மா. பொறுமையாவும் பாத்துக்கறீங்க. நீங்க நர்ஸா?”

“பொண்ணுங்க” என்றாள் லோகப்பிரியா.

அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

*

மூன்று நாள் கழித்து, தெய்வாத்தாள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை நேரத்தில், கஞ்சி ஊற்றி முடித்துவிட்டு லோகப்பிரியா கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் மூன்று நாளும் இருந்தாள்.

“ஏனுங்கப்பா, உங்களுக்கு என்ற மேல கோவமுங்களா?”

“இல்லை.”

“அப்பறம் ஏனுங்க? எனக்கு ஊடு வேண்டாம். செட்டும் வேண்டாம். ஒரு அறை, நான் சாகற வரைக்கும் இருந்துக்கலாம்னு ஒரு வரி எழுதியிருந்தா என்னங்க கொறஞ்சிருக்கும்?”

மஞ்சள் கட்டம் இறங்கியது. முதல் வரிசையைத் தாண்டிப் போனது. அவளுக்காக அவர் எழுத்துக் கூட்டுவது அதுதான் முதல் தடவை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வாக்கியம் எங்கே போகிறது என்று பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் வேர்வையைத் துடைத்துவிட்டுக்கொண்டே கடைசி எழுத்து வரை காத்திருந்தாள்.

“அவனுக்குக் குடுத்தாத்தான் வருவான். நீ குடுக்காட்டியும் பாப்ப.”

ரயில்வே ஸ்டேஷன் குரல் அதைச் சொல்லி முடித்தது. லோகப்பிரியா துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சென்னிமலை ‘மறுபடி சொல்’ என்ற பொத்தானைத் தேர்ந்தெடுத்தார். ஸ்பீக்கர் அதையே இன்னொரு தடவை சொன்னது.

*

அவர் போட்ட கணக்கில் முதல் பாதி சரியாகவே நடந்தது. தீபாவளி முடிந்ததும் தனபால் திருப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவி அக்ஷயாவோடும் மகளோடும் சோமனூருக்கே குடிவந்தான். தறிச் செட்டை பனியன் குடோன் ஆக்கினான். இரண்டாம் பாதி நடக்கக் கூடாது என்று லோகப்பிரியா முடிவு செய்தாள்.

சட்டத்தை எப்படி மாட்டுவது, சார்ஜ் எப்போது போடுவது, திரையை ஏன் திறக்கக் கூடாது எல்லாவற்றையும் ஒரு சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அக்ஷயாவுக்கு இரண்டு நாள் செய்து காட்டினாள். பிறகு சிங்காநல்லூரில் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டு பெட்டியை எடுத்தாள்.

“எங்க கண்ணு போற? இது உன்ற ஊடு இல்லையா?” என்று தெய்வாத்தாள் வாசலில் நின்று அழுதாள்.

“இது தனபாலு ஊடுங்கம்மா. பத்திரத்துல இருக்குது.”

அந்தச் சமயத்தில்தான் நகரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, வீடியோவைப் பார்த்துவிட்டு, அவளைப் பேசக் கூப்பிட்டது. ரிஃபத்தும் கிருபாசங்கரும் வற்புறுத்தியதால் போனாள். மேடையில் சென்சாரைப் பற்றி, எழுத்து வரிசையைப் பற்றித் தடுமாறாமல் பேசினாள். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, “மேடம், உங்களைப் பத்தி அப்பா என்ன சொன்னாருங்க?” என்று கேட்டாள்.

“நான் அவரைப் பாத்துக்குவேன்னு சொன்னாருங்க” என்றாள் லோகப்பிரியா.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

*

ஏழு வாரம் அவள் சோமனூர்ப் பக்கம் போகவில்லை. அம்மா போனில் “நல்லாத்தான் இருக்காரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டாவது வாரம், “முதுகுல சின்னதாப் புண்ணு மாதிரி இருக்குது கண்ணு” என்றாள். அந்த ஞாயிறு பட்டறை மாடிக்குப் போகாமல் பஸ் ஏறினாள்.

அறையில் மூத்திர வாடை அடித்தது. மேற்கு ஜன்னல் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு எதிரே ஸ்டாண்ட் இல்லை. டேப்லெட்டும் சட்டமும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றி பீரோ மேல் வைக்கப்பட்டிருந்தன. சென்னிமலை அவளைப் பார்த்தார். பார்த்த உடனே அவருடைய இடது கன்னம் இழுத்தது, விட்டது, இழுத்தது. அதைப் படித்து எழுத்தாக்க எதிரே ஒன்றும் இல்லை. இருந்தும் அது நிற்கவில்லை.

“அதை ஏன் எடுத்துப்போட்டீங்க?” என்று அக்ஷயாவிடம் கேட்டாள்.

“நிமிசத்துக்கொருக்கா மணி அடிக்குதுங்க அண்ணி. ஒரு வேலை செய்ய முடியறதில்லை. பாப்பா படிக்க முடியறதில்லை. அப்பறம் மாமாவே வேண்டாம்னுட்டாருங்க.”

“எதுல சொன்னாரு?”

அக்ஷயா அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனாள். அவள் கெட்டவள் இல்லை. இருபத்தெட்டு வயசு, ஒரு சின்னக் குழந்தை, முழங்கால் வலியோடு ஒரு மாமியார், மாமனாரின் மலம் மூத்திரம். ஆயாவும் நின்றுபோயிருந்தாள். தனபால் காலையில் போனால் சாயந்தரம்தான் வருவான். வந்ததும், “அப்பா, நல்லா இருக்கீங்களா?” என்று வாசற்படியில் நின்று கேட்பான். பதில் வரும் வரை நிற்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லாமல் போயிருந்தது.

புண் உள்ளங்கை அகலம் இருந்தது. கழுவி மருந்து வைத்துக் கட்டினாள். துணி மாற்றினாள். திரையை மூடினாள். பீரோ மேலிருந்து பையை இறக்கி, சார்ஜ் போட்டு, சட்டத்தை அவருக்கு மாட்டினாள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டே நின்றாள்.

“தண்ணி” என்றார்.

ஸ்பூனால் கொடுத்தாள். பதினோரு ஸ்பூன் குடித்தார். பிறகு கட்டம் முதல் வரிசையைத் தாண்டி இறங்கியது.

“இரு.”

“நாலரைக்கு பஸ்ஸுங்கப்பா. போகோணும்.”

“இரு” என்றது ஸ்பீக்கர் மறுபடியும்.

அவள் போய்விட்டாள். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, போய்விட்டேன் பார் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த புதன்கிழமை வேலை முடிந்ததும், கட்டு மாற்ற வேண்டுமே என்று, நேராகச் சோமனூருக்கு பஸ் ஏறினாள். அப்புறம் வெள்ளிக்கிழமை. பிறகு ஒன்று விட்டு ஒரு நாள். கம்பெனியில் இரண்டு முறை லீவு சொல்லி, மூன்றாம் முறை சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினாள். தை மாதம் சிங்காநல்லூர் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவளுடைய பழைய அறையில் பனியன் பெட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தனபால் இடம் ஒதுக்கிக் கொடுத்தான்.

“நீங்க எப்படியும் வந்துருவீங்கன்னு மாமா அப்பவே சொன்னாருங்க அண்ணி” என்றாள் அக்ஷயா. அவள் குரலில் இருந்தது நிம்மதிதான்.

ஒரு ஞாயிறு ரிஃபத் வந்தான். கருமத்தம்பட்டியில் இதே மாதிரி ஒருவர் படுத்திருக்கிறாராம். அவருடைய மகள் வீடியோவைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்தாளாம். “நீங்களும் வாங்கக்கா. ரெண்டு ஞாயிறுல முடிச்சிரலாம்” என்றான்.

வரைபடம், புரோகிராம், மீதமிருந்த இரண்டு சென்சார் எல்லாவற்றையும் அவள் எடுத்துக் கொடுத்தாள். “நீயே செஞ்சு குடு ரிஃபத். நான் வரல.”

“ஏனுங்க்கா? அந்தப் பொண்ணு ரொம்ப ஆசையா இருக்குதுங்க.”

“அதுக்குத்தான் வரல.”

அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்குத் தெம்பும் இல்லை. காபி கொடுத்து அனுப்பினாள்.

உள்ளே மணி அடித்தது. போனாள். சென்னிமலை ஒருக்களித்துப் படுத்திருந்தார். புண் ஆறி வந்தது. முகத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. கட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ நீளமாக எழுதத் தொடங்கியிருந்தார். ‘ந’ வரிசையில் நின்று ‘நா’ விழுந்தது. பிறகு ‘ன்’.

லோகப்பிரியா ஸ்பீக்கரின் பக்கவாட்டில் இருந்த குமிழைத் திருகி ஒலியை முழுக்கக் குறைத்தாள். மணிச் சத்தத்துக்கான வயரையும் பிடுங்கினாள். சென்சார் அதன்பாட்டுக்கு வேலை செய்தது. கன்னம் சுருங்கச் சுருங்க எழுத்துகள் சத்தமில்லாமல் திரையில் வந்து விழுந்துகொண்டிருந்தன. திருப்பிப் படுக்க வைக்கிற நேரம், தண்ணீர் கொடுக்கிற நேரம், துணி மாற்றுகிற நேரம் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு வேளையும் தவறாமல் செய்தாள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தோன்றும்போது போய்ப் படித்தாள். பல நாள் தோன்றவில்லை.